உருமாலுக்கு அடியில் நாலரை

ஞானம் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி, இரண்டு நாள் மதியச் சாப்பாடும் நாலு வேளைச் சாயாவும் அதில் அடக்கம், ஆனால் அந்தச் சாயாவைக் குடித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அதிலேயே எவ்வளவு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று... திரவியம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருச்சாய்ந்து உட்கார்ந்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், மூன்றே கால். நேற்றுக் காலையில் எல்லோரும் வாட்சைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும் என்றபோது எல்லோரும் போட்டார்கள், அவர் போடவில்லை, யாரோ ஒருத்தி கூடையை நீட்டினாள் என்று வாட்சைக் கழற்றிக் கொடுக்கிறவன் சாலைக் கம்போளத்தில் நாற்பத்தைந்து வருஷம் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்திருக்க முடியுமா? தம்பானூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடி ஹால், கீழே நாகர்கோவில் நாகர்கோவில் என்று ஆள் கூப்பிடுகிற சத்தம், மேலே முப்பது கிழடுகள் வட்டமாக, நடுவில் ஒரு குத்துவிளக்கு, மின்விசிறி போட்டால் அணைந்துவிடும் என்று விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஞானம் வேர்த்து வேர்த்துத்தான் வர வேண்டும்போல. சுவரில் பேனர், ‘மூப்பிலிருந்து மூத்தோராக’, அதன் அடியில் சின்ன எழுத்தில் தமிழ் பேட்ச். ஐந்து மணிக்கு லாமினேட் செய்த சர்டிபிகேட் கொடுப்பார்களாம், ஆன்மிக மூத்தோர் என்று. வருஷா வருஷம் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு சர்டிபிகேட் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்த்திருக்கிறார், இனிமேல் புத்தியோடு இருக்கிறோம் என்றும் ஒன்று கேட்பார்கள்.

எல்லாம் அஞ்சு செய்த வேலை. மருமகள், மலையாளத்துப் பெண். ஒரு மாசமாக வீட்டில் அவருக்கும் குக்கருக்கும் சண்டை, டிவியில் செய்தி வாசிக்கிறவனோடு சண்டை, பிளாட் அசோசியேஷன் செக்ரட்டரியை லிஃப்டுக்குள் வைத்து ஒரு சண்டை, அப்பா கொஞ்சம் அடங்கி இருக்கலாம் என்று மகன் அனூப் மெல்லிசாகச் சொல்லப்போய் அவனோடு இரண்டு சண்டை, அப்புறம் ஒரு காலையில் அஞ்சு தோசைத் திருப்பியும் கையுமாக வந்து நின்றாள். “மாமா, ரெண்டே திவசம். போயிட்டு வந்தா மதி. பைசா அடச்சாச்சு, ரீஃபண்ட் இல்ல, கேட்டோ.” அந்த ரீஃபண்ட் சொல்லைத்தான் அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கட்டின பணம் திரும்பி வராது என்று தெரிந்த பிறகு போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க அவருக்கு உடம்பில் தெம்பு கிடையாது, நேராகக் கிளம்பி வந்துவிட்டார், வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார், சாப்பாட்டில் இரண்டு பாயசம் உண்டா என்றுகூட விசாரித்துக்கொண்டார், எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பத்தரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வேலாயுதன் உள்ளே வருகிற வரைக்கும்.

வேலாயுதன் என்றால் யார், தங்கை பிச்சம்மாளின் புருஷன், மாப்பிள்ளை. பதினாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரே கம்போளம், ஒரே சாதிசனம், ஒரே பிள்ளையார் கோவில், ஆனாலும் பதினாலு வருஷம் ஒருவர் நிழல் ஒருவர்மேல் படாமல் நடந்தார்கள் என்றால் அதற்கே ஒரு சர்டிபிகேட் கொடுக்கலாம். அரை மணி நேரம் லேட்டு. அதைத் திரவியம் குறித்துக்கொண்டார், பத்து மணிக்கு ஆரம்பித்த வகுப்புக்குப் பத்தரைக்கு வருகிறான், நான் லேட்டு என்று பொறுக்காத மனுஷன்... காலி நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நேர் எதிரே. உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கினான், தலை முழுக்க வெளுத்துவிட்டது, ஆனால் அந்த மூஞ்சி மட்டும் அப்படியே, எதற்கும் அவசரமில்லாத மூஞ்சி, எதிராளி விலையைச் சொல்லட்டும் என்று எத்தனை மணி நேரமானாலும் காத்திருக்கிற மூஞ்சி. இருபது வயதில் அப்பாவிடம் கணக்கெழுத வந்தவன். மகனையும் கணக்கப்பிள்ளையையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துத்தான் அப்பா தொழில் சொல்லிக்கொடுத்தார், கடைசியில் கணக்கப்பிள்ளைக்குப் பெண்ணையும் கொடுத்தார். நேற்று அந்த மூஞ்சியை எதிரே வைத்துக்கொண்டு ஐந்து மணி வரைக்கும் மூச்சை உள்ளே இழு, வெளியே விடு... இழுத்தது எல்லாம் சரி, விடத்தான் முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அஞ்சுவைப் பிடித்தார். யாரைக் கேட்டு இந்த ஏற்பாடு? அவள் மறைக்கவில்லை, பிச்சம்மாள் மகன் கிருஷ்ணகுமாரும் நானும் பேசி வைத்துத்தான் செய்தோம் என்றாள், அவங்களுக்கு ஏர்லி பேர்டு, நாலாயிரத்து இருநூறுதான் ஆச்சு என்று கூடவே ஒரு தகவல். அறுநூறு ரூபாய் குறைச்சலில் ஞானம் வாங்கியிருக்கிறான்! அதற்கே ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பார், அதற்குள் அவள் சாதக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “மாமா, பிச்சம்மாள் அத்தைக்கு ஓர்மை போயிட்டே இருக்கு. ஓரோ ஆளா மறந்திட்டு வராங்க. பால் கொண்டுவர்ற ஆளை, திரவியண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போன்னு கையப் பிடிச்சு இருத்தினாங்களாம். டாக்டர் இன்னும் கொறச்சு மாசம்னாரு, பின்ன யாரையும் தெரியாது. மாமா இப்ப போகல்லேங்கில், பின்ன போயிட்டும் காரியமில்ல.” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ரசம் ஊற்றினது நினைவில்லை, மோர் ஊற்றினதும் நினைவில்லை, கை கழுவும்போதுதான் கேட்டார், அவன் வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டுமே, கூப்பிட்டால் நான் என்ன போகாமலா இருக்கப்போகிறேன்? “அதைத்தானே மாமா பதினாலு வர்ஷமா பறயிறீங்க” என்றாள் அஞ்சு.

பறையாமல் என்ன செய்ய? முறை என்று ஒன்று இல்லையா? கிருஷ்ணகுமார் கல்யாணம், பழவங்காடியில் மண்டபம், மாப்பிள்ளை மணமேடை ஏறுவதற்கு முன்னால் தாய்மாமன் அவன் தலையில் உருமால் கட்ட வேண்டும், பட்டுத் தலைப்பாகை, கட்டுவதற்குத் தாய்மாமனைத் தவிர இன்னொருத்தனுக்கு உரிமை கிடையாது, தாய்மாமன் பிழைத்திருக்கிறபோது இன்னொருவன் கட்டினால் தாய்மாமன் செத்துப்போனான் என்று அர்த்தம். திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பி எடுத்த பட்டு, மாம்பழ மஞ்சள், ஓரத்தில் ஒற்றைச் சரிகை. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் மண்டபத்து வாசலில் வந்து நின்றபோது உள்ளே வேலாயுதனின் தம்பி மாப்பிள்ளைக்கு உருமால் கட்டி முடித்துவிட்டு நுனியைச் சொருகிக்கொண்டிருந்தான், ஏதோ கடையில் வாங்கின சிவப்புத் துணி. இருபத்தைந்து நிமிஷம் தாமதம், ஒத்துக்கொள்கிறேன், முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருந்ததே, பொறுக்கக் கூடாதா? மச்சான் வருவாரு, வந்த பிறகுதான் எல்லாம் என்று ஒருவன் சொல்லியிருக்க வேண்டாமா? திரும்பி நடந்துவிட்டார். பிச்சம்மாள்தான் பட்டுச்சேலை தடுக்கத் தடுக்க ரோடு வரைக்கும் ஓடிவந்தாள், “அண்ணே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ, அண்ணே...” என்று, அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆட்டோவில் ஏறினார். ஏன் தாமதம் என்று பிற்பாடு கேட்டவர்களிடம் எல்லாம், கிழக்கேகோட்டையில் ஜாதா, கொடி பிடித்துக்கொண்டு ஆயிரம் பேர், ரோடு முழுக்க அடைப்பு என்று சொன்னார். சாலையிலிருந்து பழவங்காடிக்குக் குறுக்குவழியாக நடந்தால் பத்து நிமிஷம் என்று கேட்டவர்களுக்கும் தெரியும். ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை, அதுதான் மரியாதை.

இப்போது மடியில் ஒரு காகிதம், நேற்றே கொடுத்தது, இன்னும் நிரப்பவில்லை. ‘நான் இன்று மன்னிப்பது:’ என்று போட்டு ஒரு கோடு. இரண்டு நாளாக இந்தப் பெண் ராஜஸ்ரீ சொல்லித்தந்தது மொத்தம் மூன்றே சொல், விடு, மன்னி, ஆசீர்வதி, சொல்லுக்கு ஆயிரத்து அறுநூறு விழுகிறது. வயதானவன் எல்லாம் மூத்தவன் ஆகமாட்டான், கையில் இருப்பதைக் கீழே வைக்கிறவன்தான் மூத்தவன் என்கிறாள், சொல்லட்டும், நாற்பது வயது இருக்குமா, பாலக்காட்டுக்காரி, அவள் கையில் வைக்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது, அதனால் சுலபமாகச் சொல்கிறாள். பக்கத்து நாற்காலியில் சாம்பசிவன் என்று ஒரு ரிட்டையர்டு ஆபீசர், காகிதத்தில் பதினேழு பேரை மன்னித்துவிட்டு இடம் போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதுகிறார். “நான்லாம் எப்பவோ டிடாச் ஆயாச்சு ஓய். பொண்டாட்டி, பிள்ளை, வீடு, ஒண்ணும் ஒட்றதில்லை.” இதே மனுஷன்தான் காலையில் ஜன்னலோரத்து நாற்காலி தன்னுடையது என்று நேற்றைய கைக்குட்டையைச் சாட்சி காட்டி ஒரு அம்மாளோடு மல்லுக்கு நின்றது. திரவியம் பேனாவை எடுத்தார், கோட்டின் மேல் என்ன எழுதலாம் என்று யோசித்தார், ‘ஆளைப் பொறுத்து’ என்று எழுதினார். எழுதின பிறகு கொஞ்சம் தெம்பாக இருந்தது. எதிரே வேலாயுதனும் ஒரு காகிதத்தை வைத்திருந்தான், மடித்து, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில், என்ன எழுதியிருப்பான்? என் பெயரை எழுதியிருப்பானோ? என்னை மன்னிக்க இவன் யார்? இல்லை, எழுதாமலே மடித்து வைத்துவிட்டானோ... அது அதைவிட மோசம் இல்லையா?

“இனி கடைசி எக்சர்சைஸ்” என்று ராஜஸ்ரீ கைதட்டினாள். “நேர் எதிர இருக்கறவாதான் உங்க பார்ட்னர். நாற்காலியை இழுத்து முட்டிக்கு முட்டி உக்காந்துக்கோங்கோ. வலது கையைக் கோத்துக்கோங்கோ. இன்னிக்குக் கொண்டுவரச் சொன்னேனே, மனசுக்கு அடுப்பமுள்ள, நெருக்கமான ஒரு துணி, அதைக் கைக்கு மேல இடணும். கண்ணடச்சுக்கோங்கோ. ஒண்ணும் ஆலோசிக்க வேண்டாம், ஒண்ணும் பேச வேண்டாம். கையாலேயே ஒருத்தருக்கொருத்தர் ஆசீர்வாதம் கொடுங்கோ.” நேர் எதிர் என்றால்... எழுந்து பாத்ரூமுக்குப் போய்விடலாமா? போனால், பாத்தியா ஓடிட்டாரு என்பான், வாயால் சொல்லமாட்டான், மூஞ்சியால் சொல்லுவான். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். வேலாயுதன் தன் துணி என்று ஒன்றும் எடுக்கவில்லை, சும்மா கையை நீட்டிக்கொண்டிருந்தான், துணி கொண்டுவரச் சொன்னதை மறந்திருப்பான், அல்லது மறந்ததுபோல்... ஏதாவது ஒரு துண்டைப் போட்டுவிடு என்று காலையில் அஞ்சுவிடம் சொல்லியிருந்தார், பைக்குள் கையை விட்டார், தேங்காய்ப்பூத் துண்டு தட்டுப்படும் என்று துழாவின விரலில் வழவழவென்று வேறு ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். மாம்பழ மஞ்சள். ஓரத்தில் ஒற்றைச் சரிகை. பீரோவில் அடித்தட்டில், இறந்துபோன மனைவியின் புடவைகளுக்கும் கீழே கிடந்தது, அதைத் தோண்டி எடுத்திருக்கிறாளே பாவி... பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே தள்ளிவிடலாம் என்றால் அதற்குள் ராஜஸ்ரீ வந்து, “வாவ், பட்டா” என்று அவர் கையிலிருந்து வாங்கி உதறி, கோத்த இரண்டு கைகளுக்கும் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வேலாயுதன் துணியைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

அவரும் மூடினார். சூடு, கொசகொசப்பு, கீழே கண்டக்டர் விசில்... இந்தக் கை, முன்பு மாட்டுத்தோல் மாதிரி இருக்கும், இப்போது தோல் தனியாக எலும்பு தனியாக, லேசாக நடுங்குகிறது, இது எப்போது நடுங்க ஆரம்பித்தது? எனக்கு இரண்டு வயது இளையவன்... எப்போது விடுவார்கள்? ஐந்து நிமிஷமா, பத்து நிமிஷமா? ஆசீர்வாதம் கொடுங்கோ என்றால் எப்படிக் கொடுப்பது, எத்தனை கிலோ, எந்த ரகம்? ஒன்றும் தோன்றாமல் இருட்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம்தான் கவனித்தார், தன்னுடைய கை, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், பட்டுக்கு அடியில் வேலாயுதனின் ஆள்காட்டி விரலைத் தனியாகப் பிரித்துப் பிடித்திருந்தது. ஒன்று. தெய்வமே! இருபது முப்பது வருஷம் தினமும் இதைத்தானே செய்தோம், சரக்கு லாரி வந்து நின்றால் துண்டைப் போட்டுக் கைகளை மூடு, துண்டு வாங்குகிறவனுடையது, சுற்றி நிற்கிறவன் காதிலும் கண்ணிலும் படாமல் விரலால் பேசு, ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தள்ளினால் வேண்டாம், இரண்டு குலுக்குக் குலுக்கினால் முடிந்தது, பின்வாங்கினால் மனுஷனில்லை. இப்போது விலை வாட்ஸாப்பில் வருகிறது, நல்லதுதான், கை வேர்க்காது. ஆனால் துணியைக் கண்டால், துணிக்கு அடியில் இன்னொரு கை இருந்தால், இந்தக் கைக்கு வேறு என்ன தெரியும்? விட்டுவிடலாம் என்று விரலைத் தளர்த்துவதற்குள் வேலாயுதனின் கை விழித்துக்கொண்டது. அவசரமில்லாமல், முழுக் கையையும் ஒரு பிடி, விட்டு, மறுபடியும் ஒரு பிடி. பத்து.

பத்தா? எதற்குப் பத்து? எந்த ஊர் நியாயம்? கட்டைவிரல் தானாகப் போய் அவன் உள்ளங்கையைத் தள்ளிற்று, கோபத்தில் சற்றுப் பலமாகவே, இரண்டு விரல் பிடித்தார், இரண்டு. அவன் எட்டு என்றான். எட்டாம், எட்டு, வாசலில் நின்ற மனுஷனை உள்ளே வா என்று சொல்லாதவனுக்கு எட்டு... மூன்று. அவன் கை சும்மா கிடந்தது, அந்தச் சும்மா கிடப்பதுதான் அவனுடைய சாமர்த்தியம், எதிராளியை வேர்க்க வைப்பான், பிச்சம்மாளைக் கல்யாணம் கட்டினதுகூட அப்படித்தான், ஒரு வார்த்தை கேட்காமல் சும்மா கணக்கெழுதிக்கொண்டிருந்தான், அப்பாவே போய்க் கேட்டார். ஆறு என்றான் கடைசியில். திரவியம் நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தார், இதற்குமேல் ஒரு நூல் ஏறமாட்டேன் என்று இறுக்கிப் பிடித்தார். அவன் ஐந்து. இவர் நாலு. அவன் ஐந்து. “பியூட்டிஃபுல்!” என்று தலைக்கு மேல் ராஜஸ்ரீயின் குரல், “இந்த ரெண்டு அங்கிளையும் நோக்குங்கோ, எனர்ஜி எப்படி பாயறது...” பக்கத்தில் எங்கேயோ சாம்பசிவன் விசும்பி அழுதுகொண்டிருந்தார். அப்போது வேலாயுதனின் கட்டைவிரல் நகம் மெதுவாக வந்து, அவருடைய ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் அழுத்தியது. அரை. நாலரை. அது அப்பாவின் அடையாளம், கம்போளத்தில் வேறு எந்தக் கடைக்காரனுக்கும் தெரியாது, மகனுக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் சொல்லிக்கொடுத்தது. அழுத்தினவன் எடுக்கவில்லை. அங்கேயே வைத்திருந்தான், வழக்கத்தைவிட அதிக நேரம்.

அரை... அந்த அரை. ஜாதா இல்லை, கொடி இல்லை, ஒன்றுமில்லை, அன்றைக்குக் காலை எட்டேகாலுக்கு விருதுநகர் லாரி வந்து நின்றுவிட்டது, உருமாலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே இடது கையால் துண்டைப் போட்டு அந்த ஆளோடு கிலோவுக்கு அரை ரூபாய்க்காக நின்றார், அவன் இறங்கவில்லை, இவர் ஏறவில்லை, எண்பது மூட்டை, கடைசியில் அரை ரூபாயை ஜெயித்தார், ஆயிரத்து அறுநூறு ரூபாய் லாபம், ஜெயித்த சந்தோஷத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடினார். ஒருத்தருக்கும் சொன்னதில்லை. செத்துப்போன மனைவிக்கும் சொன்னதில்லை. அவருக்கே பாதி மறந்துபோய், சில நாள் அந்த ஜாதாவின் கொடிகூடக் கண்ணில் தெரியும், சிவப்பா மூவர்ணமா என்பதில்தான் சந்தேகம். இவனுக்குத் தெரியுமா? மண்டபத்திலிருந்து யாரையாவது கடைக்கு அனுப்பிப் பார்த்திருப்பானா? இவனே வந்திருப்பானோ, மூலையில் நின்று, மச்சான் துண்டுக்கடியில் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பானோ? துண்டுக்கடியில் நிற்கிறவனை நடுவில் கூப்பிடக் கூடாது, அது தொழில் முறை... தெரிந்தால் பதினாலு வருஷம் ஏன் சொல்லவில்லை? அரை ரூபாய்க்காக முகூர்த்தத்தை விட்டாரு என்று ஒரு வார்த்தை போதுமே, கம்போளம் முழுக்கச் சிரித்திருக்கும், பிச்சம்மாளிடமாவது சொல்லியிருக்கலாமே? அவள் சாகிறவரைக்கும் அண்ணனை ஜாதாவில் மாட்டிக்கொண்டவன் என்றே நினைத்திருக்கட்டும் என்று விட்டானா? அல்லது இது ஒன்றுமே இல்லை, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் நாலரைதானே, எவனும் அங்கேதான் வந்து நிற்பான், நான்தான் வேர்த்துக்கொண்டிருக்கிறேனா? நகம் இன்னும் கணுவில் இருந்தது. அதை எடுக்கட்டும் என்பதற்காகவே, வேறெதற்கும் இல்லை, அந்த நகத்தை எடுத்தால் போதும் என்பதற்காகவே, அவர் கையை இரண்டு குலுக்குக் குலுக்கினார். முடிந்தது.

கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். சர்டிபிகேட்டுக்கு முன்னால் சாயா இடைவேளை. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருக்க, திரவியம் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போய்க் காகிதக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலரை. நாலரை என்றால் நாலரை என்ன? சரக்கு கண்முன்னால் இருக்கும், அதனால் எண்ணை மட்டும் பேசினால் போதும், இங்கே எந்தச் சரக்கு இருந்தது? வருஷமா, நாளா, நிமிஷமா, இட்லியா? பதினாலு வருஷத்தில் ஒன்பதரையைத் தள்ளிக்கொடுத்திருக்கிறானா? எண்ணைப் பேசி முடித்து, பண்டம் இன்னதென்று தெரியாமல் குலுக்கினவன் கம்போளத்துச் சரித்திரத்திலேயே நான் ஒருவன்தான்... முதுகுக்குப் பின்னால் செருப்பு இழுபடுகிற சத்தம் வந்து நின்றது.

“உருமால வச்சுட்டு வந்துட்டீரே மச்சான்” என்றான் வேலாயுதன். நாலாக மடித்து நீட்டிக்கொண்டிருந்தான். “எடுத்துக்கிடும். வாங்குனவன் துண்டுல்லா.”

“யாருவே வாங்குனது?” பதினாலு வருஷத்துக்குப் பிறகு வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே சண்டையாக வந்தது, அவராலேயே தாங்க முடியவில்லை.

“ஏறுனது யாரு?”

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. நாலரை. ஏறினது யார்? விற்கிறவன் மேலேயிருந்து இறங்குவான், வாங்குகிறவன்தான் கீழேயிருந்து ஏறுவான், ஒன்றாம் வகுப்புப் பாடம். துண்டும் அவருடையது, விரலை முதலில் நீட்டினதும் அவர். பதினாலு வருஷமாகப் பெரிய சரக்கு ஒன்று தன் கிடங்கில் இருக்கிறது, மன்னிப்பு என்று பெயர், கேட்டு வருகிறவன் கேட்டு வரட்டும், வந்தால் விலை சொல்லிக்கொள்ளலாம் என்று பூட்டு மேல் பூட்டாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே... கிடங்கே காலி. இந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

“சரி, சரக்க எப்பம் எடுக்கேரு?” என்றான் வேலாயுதன், கோப்பையை ஊதிக்கொண்டே, ஏதோ நாளைக்கு மழை வருமா என்பதுபோல.

“சரக்கு எப்படி இருக்கு?” என்றார் திரவியம். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“எட கொறஞ்சுக்கிட்டே வருது மச்சான். நேத்து இருந்தது இன்னைக்கு இல்ல. காலைல என்னையே யாருன்னு கேட்டா. ஒம்ம பேரு மட்டும் கைவசம் வச்சிருக்கா. ஆளுதான் மாறிப்போச்சு.” ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தான். “பால்காரன் தெனமும் ஓசில காப்பி குடிக்கான், ஒம்ம பேரச் சொல்லி.”

வற்றல் காயக் காய எடை குறையும், பேசி முடித்த பிறகு எடுக்கத் தாமதித்தால் குறைகிற எடை வாங்கினவன் தலையில், விற்றவனைக் கேட்க முடியாது, வண்டி கொண்டுபோய்க் கிடங்கு வாசலில் நிற்க வேண்டியவனும் வாங்கினவன்தான், விற்றவன் வந்து கூப்பிடுகிற வழக்கம் எந்தக் கம்போளத்திலும் கிடையாது... மணி நாலு அடிக்கப் பத்து நிமிஷம். சர்டிபிகேட் ஐந்துக்கு. லாமினேட் செய்தது. ரீஃபண்ட் இல்லை. ராஜஸ்ரீ மேசையில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள், மேலே கிடந்தது சாம்பசிவனுடையது. இந்த வேலாயுதன் எப்போது மூத்தவன் ஆனான், யாருக்கும் சொல்லாமல்? அதுவும் அறுநூறு ரூபாய் குறைச்சலில்... அவன் அதற்குள் கோப்பையைக் கூடையில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்க ஆரம்பித்திருந்தான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. திரவியம் உருமாலைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்படியில் நின்றார், இவன் இந்த வேகத்தில் இறங்கினால் எப்போது ரோட்டுக்குப் போவது, எப்போது ஆட்டோ பிடிப்பது என்று எரிச்சலாக வந்தது, போனால் அவள் யார் என்று கேட்பாளா, அண்ணே என்பாளா, பால் இன்னைக்கு ஏன் இவ்வளவு லேட்டு என்பாளா... வாங்கினவன், திரவியம். பேசின விலை, நாலரை, எதில் என்று பேசவில்லை. சரக்கின் எடை, தெரியாது, போய் நின்றால்தான். இதுவரை கொடுத்தது, ஒன்றுமில்லை. பாக்கி, முழுசும்.